கப்பிங் செய்துகொள்ளப் போகிறீர்களா? குப்புறப் படுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

தோள்பட்டை வலிக்காக, தோல்மேல் கப்பை ஒட்டி உறிஞ்சவைக்கும் கப்பிங் சிகிச்சை செய்யும் இடங்களை ஏறி இறங்கியவன் எழுதுகிறேன். எங்கே போனாலும் "படுங்க, பார்த்துக்கலாம்" என்ற பதில்தான் கிடைத்தது. எத்தனை கப் வைப்பார்கள், கீறுவார்களா, தடம் மறைய எத்தனை நாளாகும், மொத்தம் எவ்வளவு செலவாகும் என்று துருவித் துருவிக் கேட்டால்தான் வாயைத் திறந்தார்கள். சில இடங்களில் அப்போதும் திறக்கவில்லை. நீங்களும் அதே அலைச்சலைப் படவேண்டாம் என்பதற்காக, தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

கப்பிங் நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்குள் நான் போகப் போவதில்லை. செய்துகொள்வது என்று முடிவெடுத்தவர் எந்தத் தொற்றும் காயமும் இல்லாமல் வீடு திரும்ப வேண்டும். என் கவலை அவ்வளவுதான்.

1. உலர் முறையா, ரத்தம் எடுக்கும் முறையா என்று முடிவு செய்யுங்கள்

இரண்டும் ஒன்றுபோலப் பேசப்படுகின்றன. ஆனால் ஆபத்தின் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு.

உலர் கப்பிங்கில் தோல்மேல் கப்பை வைத்து உள்ளிருக்கும் காற்றை இழுத்துவிடுவார்கள். தோலும் அதன் கீழுள்ள தசையும் கப்புக்குள் மேலெழும். கைப்பம்பு வைத்த பிளாஸ்டிக் கப், அமுக்கி ஒட்டும் சிலிக்கான் கப், நெருப்பைக் காட்டிச் சூடாக்கிய கண்ணாடிக் கப் எனப் பல வகை உண்டு. எண்ணெய் தடவி, ஒட்டிய கப்பை அப்படியே தசைமேல் நகர்த்துவதும் இதில் அடக்கம்.

ஈரக் கப்பிங்கில், அதாவது பலர் ஹிஜாமா என்று சொல்லும் முறையில், முதலில் சில நிமிடம் உறிஞ்சவிட்டு, கப்பை எடுத்து, அந்த இடத்தில் பிளேடாலோ ஊசியாலோ மேலோட்டமாகப் பல சிறு கீறல்கள் போடுவார்கள். பிறகு கப்பை மறுபடி வைத்து ரத்தத்தை வெளியே இழுப்பார்கள். தையல் போடும் அளவுக்குக் கீறல் ஆழமாக இருக்கக்கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வருகிறது என்பதால் இது சிறு அறுவைச் செயல்தான். மசாஜ் செய்யும் இடத்தில் கூடுதல் சேவையாகக் கிடைத்தால் ஏற்காதீர்கள்.

புதியவர் என்றால் உலர் முறையில் தொடங்குங்கள் என்பது என் கருத்து. உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது, அந்த இடத்தின் சுத்தம் எப்படி என்று ரத்தம் சிந்தாமலே தெரிந்துவிடும்.

எதிர்பார்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கழுத்து, முதுகு வலிக்குக் கொஞ்ச காலம் இதம் கிடைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பல தரம் குறைந்தவை. கப் ஒட்டியதும் நோயாளிக்குத் தெரிந்துவிடும் என்பதால், மாத்திரைகளைப் போலப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கடினம். சர்க்கரை, கல்லீரல் நோய், புற்றுநோய், குழந்தையின்மை எல்லாம் குணமாகும் என்று பலகை வைத்திருந்தால் படியேறாமலே திரும்பிவிடுங்கள்.

2. கப்பிங்குக்கு முன் டாக்டரிடம் போகவேண்டிய வலிகள்

தசைப்பிடிப்பு என்று நினைத்து வருபவர்கள் எல்லாருக்கும் தசைப்பிடிப்பு இருப்பதில்லை. நெஞ்சை அழுத்துவதுபோல வந்து தோளுக்கும் தாடைக்கும் பரவும் வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, முதுகு வலியோடு சிறுநீர் கட்டுப்படாமல் போவது அல்லது தொடையிடுக்கு மரத்துப்போவது, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சலோடு வரும் முதுகு வலி. இவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். முதல் மூன்றில் அன்றைக்கே போகவேண்டும்.

3. நீங்கள் விலகியிருக்க வேண்டியவரா என்று பாருங்கள்

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற மருந்து எடுப்பவர்கள், ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ எடுப்பவர்கள், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோய் உள்ளவர்கள், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்தவர்கள் ஈரக் கப்பிங்கை நினைக்கவே வேண்டாம். உலர் முறைக்கும் டாக்டரின் சம்மதம் வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. "ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்று சில இடங்களில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். இதய வால்வு மாற்றியவரும், இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவரும் இதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை, அதை எழுதிக் கொடுத்த மருத்துவருக்கு மட்டும்தான்.

ரத்தசோகை உள்ளவர்கள் ரத்தம் எடுக்கக்கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் (ஒரு டெசிலிட்டருக்கு) கீழே போனால் ரத்தசோகை. அடிக்கடி ஈரக் கப்பிங் செய்தே ரத்தசோகை வரவழைத்துக்கொண்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

கர்ப்பிணிகள், குழந்தைகள், மிகவும் தளர்ந்த முதியவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் இவர்களும் தவிர்க்கவேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் கீறல் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். தோலில் செதில் செதிலாகத் திட்டுகள் வரும் சொரியாசிஸ் இருப்பவர்களுக்குத் தோல் காயப்பட்ட இடத்திலேயே புதிதாகத் திட்டுகள் கிளம்பலாம். காது குத்திய இடமோ பழைய காயமோ தடித்துப் புடைத்து வளரும் தோல்வாகு உள்ளவர்களுக்கு, ஒவ்வொரு கீறலும் நிரந்தரத் தழும்பாகக்கூடும். எக்ஸிமா, புண், நரம்புச் சுருட்டல், மச்சம் உள்ள இடங்களுக்கு மேல் கப் வைக்கவே கூடாது.

தலையிலும் கழுத்தின் முன்பக்கத்திலும் வேண்டாம். உச்சந்தலையில் செய்த பிறகு மண்டைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டதாகப் பதிவு உண்டு. அரிதுதான். ஆனாலும் தலைவலிக்காக அந்த ஆபத்தை வாங்கவேண்டியதில்லை.

4. தாள்களைத் தயார் செய்யுங்கள்

உலர் முறைக்கு ஒரு தாள் போதும். உங்கள் நோய்கள், செய்த அறுவைகள், ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மாத்திரைகளின் பெயரும் அளவும் அதில் இருக்கட்டும். மீன் எண்ணெய் மாத்திரை, மூலிகை லேகியம் என்று "மருந்தே இல்லை" என நினைப்பவற்றையும் எழுதுங்கள். சில ரத்தக்கசிவைக் கூட்டும். லேடெக்ஸ் கையுறை, பிளாஸ்திரி ஒவ்வாமை இருந்தால் மேலே பெரிதாக எழுதுங்கள்.

ஈர முறைக்கு இவையும் வேண்டும்: அண்மையில் எடுத்த முழு ரத்த அணுப் பரிசோதனை முடிவு (ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் அதிலேயே வரும்), சர்க்கரை நோயாளி என்றால் கடைசிச் சர்க்கரை அளவு, நாள்பட்ட நோய் இருந்தால் உங்கள் மருத்துவரின் குறிப்பு. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்றும் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் வழியே பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசியும் போட்டிருந்தால் நல்லது. அது வழக்கமாக மூன்று தவணை, முடிய ஆறு மாதம் ஆகும். ஆகவே நாளை மறுநாள் செய்துகொள்ளப் போகிறவருக்கு அது முழுப் பாதுகாப்பு ஆகாது.

அவர்கள் நீட்டும் ஒப்புதல் படிவத்தையும் கவனியுங்கள். கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினால், தாளைக் கையில் வாங்கி உட்கார்ந்து படியுங்கள். எந்த முறை, எந்த இடங்கள், என்ன பக்கவிளைவுகள் என்று அதில் இருக்கவேண்டும். "எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்ற ஒற்றை வரி ஒப்புதல் படிவம் ஆகாது. படிவமே இல்லாமல் ரத்தம் எடுக்கும் இடம் இன்னும் மோசம். கையெழுத்துப் போட்டதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. இடத்தையும் ஆளையும் பாருங்கள்

அதிக நேரம் செலவழிக்கவேண்டிய படி இதுதான். செய்துகொள்ளும் நாளிலேயே பார்க்காதீர்கள். முன்னதாக ஒருநாள் சும்மா போய்ப் பாருங்கள். "நாளைக்கு வாங்க, இப்ப வேலையா இருக்கோம்" என்றால் பரவாயில்லை. உள்ளே எட்டிப் பார்க்கவே விடவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

முதல் கேள்வி: இவருக்கு இதைச் செய்ய என்ன தகுதி? சில நாடுகளில் யுனானி, சீன மருத்துவம் படித்துப் பதிவு பெற்றவர்கள் செய்கிறார்கள். சில நாடுகளில் இதற்கென்று தனி உரிமமே உண்டு. வேறு சில இடங்களில் எந்தக் கட்டுப்பாடும் கிடையாது, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். உங்கள் ஊரில் எது நிலைமை என்பதைச் சுகாதாரத் துறையின் பக்கத்தில் பாருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழில் பயிற்சி எத்தனை நாள், நேரிலா இணையத்திலா என்றும் படியுங்கள். வாரக் கடைசி வகுப்பில் வாங்கிய சான்றிதழும் தங்கநிறச் சட்டத்துக்குள் அழகாகத்தான் இருக்கும்.

அடுத்து, கருவிகள். ஈரக் கப்பிங்கில் கப்பும் பிளேடும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுபவையாக இருக்கவேண்டும். உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். "உங்களுக்கென்றே தனி செட், கழுவி எடுத்து வைத்துவிடுவோம், அடுத்த தடவைக்கு ஆகும்" என்பார்கள். கேட்கச் சிக்கனமாகத்தான் தோன்றும். சம்மதிக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடிருக்கும். ஸ்பிரிட்டால் துடைப்பது கிருமிநீக்கம் ஆகாது, வெந்நீரில் அலசுவதும் ஆகாது. கண்ணாடிக் கப்பை மறுபடி பயன்படுத்துகிறோம் என்றால், மருத்துவமனைகளில் இருப்பதுபோல அழுத்த நீராவிக் கருவி, அதாவது ஆட்டோகிளேவ், இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண பிளாஸ்டிக் கப்புகள் பல அந்த 121 டிகிரிச் சூட்டைத் தாங்காமல் உருகிவிடும். அதனால்தான் பிளாஸ்டிக் கப்பைக் காட்டி "ஸ்டெரிலைஸ் பண்ணிட்டோம்" என்றால் எப்படி என்று கேட்கவேண்டியிருக்கிறது.

பிளேடுக்குப் பதிலாகச் சர்க்கரை பார்க்கும் பேனா போன்ற குத்தூசிக் கருவியைச் சிலர் வைத்திருப்பார்கள். ஊசியை மாற்றினால் மட்டும் போதாது. அந்தப் பேனாவையே ஒருவருக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. பம்பு நுனியும் ரத்தம் தெறிக்கும் இடம்தான், அதை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டுங்கள். கை கழுவும் குழாய் உண்டா? கூர்மையான கழிவுகளைப் போட மூடியுள்ள கெட்டியான பெட்டி இருக்கிறதா, அல்லது பிளேடு சாதாரணக் குப்பைக்கூடைக்குப் போகிறதா? படுக்கை விரிப்பை ஆளுக்கு ஆள் மாற்றுகிறார்களா? குப்பைக்கூடையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும் என்பது என் அனுபவம். பெண்களுக்குப் பெண் செய்வாரா, துணைக்கு ஒருவர் உள்ளே இருக்கலாமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

நெருப்பு வைத்துச் செய்யும் முறை என்றால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கப்புக்குள் காட்டிவிட்டு உடனே வெளியே எடுக்கவேண்டும். எரியும் பஞ்சோடு உடம்பில் வைப்பதும், ஸ்பிரிட் ஈரம் காயாத தோலுக்கு அருகே தீ பிடிப்பதும் தீக்காயத்தில் முடியும். முதல்முறைக்குப் பம்பு கப்பே போதும்.

6. பணம் பேசிவிடுங்கள்

கப்புக்கு இவ்வளவு என்றா, ஒரு அமர்வுக்கு இவ்வளவு என்றா? இதைக் கேட்காமல் படுத்தால், எழுந்திருக்கும்போது நீங்கள் நினைத்ததைவிட இரண்டு மடங்கு கப் முதுகில் இருக்கும். கப் கணக்கு என்றால் அதிகபட்சம் எத்தனை என்று எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். ஆலோசனைக் கட்டணம், புதிய கப், பிளேடு, கையுறை, கட்டுப் போடும் பொருள் எல்லாம் அதற்குள் அடக்கமா, தனியா என்பதும் தெரியவேண்டும். விளம்பரத்தில் கண்ட கட்டணம் மிகக் குறைவாக இருந்தால், ஒருமுறைப் பொருள்களின் விலை எங்கே போனது என்று யோசியுங்கள்.

பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் அமர்வு முடியாமல் எதையும் மொத்தமாகக் கட்டாதீர்கள். பணம் கட்டிவிட்டோமே என்பதற்காகவே தேவையில்லாத ரத்தத்தைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவக் காப்பீடு பல திட்டங்களில் இதற்குக் கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது சொன்னால் காப்பீட்டு நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரசீதில் செய்த முறை, தேதி, செய்தவர் பெயர் இருக்கட்டும். பின்னால் சிக்கல் வந்தால், ஒப்புதல் படிவத்தின் படத்தோடு உங்கள் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

ரத்தப் பரிசோதனைச் செலவு, வேலைக்கு ஒருநாள் விடுப்பு இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. நாளும் நேரமும்

ஹிஜாமாவைச் சமய வழக்கமாகச் செய்பவர்கள் பிறைக் கணக்கில் 17, 19, 21 ஆகிய தேதிகளை விரும்புவார்கள். அந்த நாள்களில் கூட்டம் அலைமோதும். அதே நாளில்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே பதிவு செய்து, காலையில் முதல் ஆளாகப் போங்கள். அவசர அவசரமாக ஆள் மாற்றும்போதுதான் சுத்தம் நழுவும். தேதி முக்கியமில்லாதவர்கள் வேறு நாள் போனால் நிதானமாகச் செய்வார்கள்.

திருமணம், கடற்கரைப் பயணம், முதுகு தெரியும் உடை, விளையாட்டுப் போட்டி ஏதாவது இருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். வட்டத் தடங்கள் மறைய சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் உலகமே பார்த்தது இந்தத் தடங்களைத்தான்.

வெறும் வயிற்றில் வரச் சொல்வது வழக்கம். ஆனால் இரண்டு மூன்று மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போவதே நல்லது. இரவிலிருந்து பட்டினி கிடந்தால் மயக்கம் வரும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் பட்டினியோடு போனால் சர்க்கரை தாழ்ந்து போகும். காய்ச்சல், முந்தைய நாள் தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு, ரத்ததானம் செய்து சில வாரமே ஆன நிலை இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

8. அன்றைக்கு என்ன நடக்கும்

முதலில் ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். பார்க்கவில்லை என்றால் கேளுங்கள். தோலைக் கிருமிநாசினியால் துடைத்துக் காயவிட்டு, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு தொடங்குவார்கள். அதே கையுறையோடு போனை எடுத்தால் மாற்றச் சொல்லுங்கள். கூச்சப்படவேண்டாம்.

கப் இழுக்கும்போது இறுக்கமாக இருக்கும், வலிக்கக்கூடாது. வலித்தால் சொல்லுங்கள், பம்பை ஒருமுறை தளர்த்தினால் போதும். உலர் கப் பொதுவாக ஐந்து முதல் பத்து நிமிடம். அளவு மீறி இழுத்து நெடுநேரம் விட்டால் நீர்க்கொப்புளம் வரும். அதைக் காட்டி "உள்ளே இருந்த நீர்தான் வெளியே வருது" என்று பெருமைப்படுபவர்களும் உண்டு. அது காயம், வேறொன்றுமில்லை.

கீறல் எறும்பு கடிப்பதுபோல் சுருக்கென்று இருக்கும். கப்புக்குள் வரும் ரத்தம் கருஞ்சிவப்பாக இருந்து, கொஞ்ச நேரத்தில் கூழ்போல் உறையும். உடனே "பார்த்தீங்களா கெட்ட ரத்தம்" என்று காட்டுவார்கள். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் கருத்துத்தான் இருக்கும், உடம்பை விட்டு வெளியே வந்த ரத்தம் உறையத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் நாலு கப் கூட்டாதீர்கள். தடம் கருப்பாக இருந்தால் நச்சு அதிகம் என்பதும் அதேபோலத் தவறான பேச்சுதான். சிறு ரத்தக்குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் கசிந்ததன் நிறம் அது.

தலை லேசாவது, வியர்ப்பது, காது அடைப்பது, குமட்டல் வந்தால் உடனே சொல்லிவிடுங்கள். கப்புகளை எடுத்துவிட்டு, மல்லாந்து படுத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். இருபது நிமிடமாவது அங்கேயே உட்கார்ந்திருங்கள். ஈர முறை என்றால் வண்டி ஓட்ட வேறொருவரை அழைத்துப் போங்கள்.

ஒருவேளை பழைய பிளேடைப் பயன்படுத்திவிட்டார்கள் என்று தெரிந்தால், சண்டை போடுவதை அப்புறம் வைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பிக்கும் உடனே போடும் ஊசி இருக்கிறது.

9. வீட்டுக்கு வந்த பிறகு

உலர் முறைக்குப் பெரிய பராமரிப்பு எதுவும் இல்லை. அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம், கடும் தேய்ப்பு, கொளுத்தும் வெயில் ஒன்றிரண்டு நாள் வேண்டாம்.

ஈர முறைக்கு, கட்டை ஒருநாள் ஈரமாகாமல் வைத்திருங்கள். பிறகு மென்மையாகக் கழுவி ஒற்றி எடுக்கலாம். கீறல் மூடும்வரை நீச்சல்குளம், குளியல்தொட்டி கூடாது. ஜிம், கனமான பாரம் இரண்டு நாள் கழித்துப் போதும். மஞ்சள், தேன், கருஞ்சீரக எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். திறந்த காயத்தில் எதையும் பூசாமல் சுத்தமாக விடுங்கள், அரித்தால் சொறியாதீர்கள்.

சுத்தமான துணியால் விடாமல் பதினைந்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காதது, சுற்றிச் சிவந்து நாளுக்கு நாள் பரவுவது, சீழ், காய்ச்சல், பெரிய கொப்புளம், படியேறினால் மூச்சு வாங்குவது இவையெல்லாம் டாக்டரிடம் போகவேண்டிய அறிகுறிகள். செய்த இடத்துக்கே போன் செய்தால் "உடம்பு சுத்தமாகுது, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லக்கூடும். ஹெபடைடிஸ் பி தொற்றினால் அறிகுறி தெரிய ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஆகலாம். ஆகவே பின்னாளில் மஞ்சள் காமாலை வந்தால் கப்பிங் செய்த தேதியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

10. அடுத்த முறைக்கு முன்

செய்வதற்கு முந்தைய வாரமும் பிந்தைய இரண்டு வாரமும் வலியைப் பத்துக்கு எத்தனை என்று தினமும் எழுதி வையுங்கள். அன்றிரவு நன்றாகத் தூங்கினோம் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அரை மணி நேரம் யாராவது முதுகைக் கவனித்தாலே தூக்கம் வரும். இரண்டு மூன்று உலர் அமர்வுக்குப் பிறகும் எண் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு, உடற்பயிற்சிச் சிகிச்சையாளரை (ஃபிசியோதெரபிஸ்ட்) பாருங்கள். ஈர முறையைத் தொடர்வதானால், ஒவ்வொரு முறையும் ஹீமோகுளோபின் பார்க்காமல் போகாதீர்கள்.

சிலிக்கான் கப் வாங்கி வீட்டிலேயே உலர் முறை செய்யலாம். தொடை, கெண்டைக்கால் போல உங்கள் கண்ணுக்குத் தெரியும் சதைப்பற்றான இடத்தில், குறைந்த அழுத்தத்தில், ஐந்து நிமிடத்துக்குள். பிளேடை மட்டும் வீட்டில் தொடவே கூடாது, காணொளி பார்த்துக் கற்றுக்கொண்ட உறவினர் கையிலும் கொடுக்கக்கூடாது.

கடைசியாக இரண்டு சின்ன விஷயம். ஈரக் கப்பிங் செய்தவர்களிடம் சில மாதங்களுக்கு ரத்ததானம் வாங்கமாட்டார்கள். எத்தனை மாதம் என்பது ரத்த வங்கிக்கு ரத்த வங்கி மாறும், தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு கேட்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். வேறு எதற்காகவாவது டாக்டரிடம் போகும்போது முதுகில் தடம் இருந்தால், சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். யாரோ அடித்துத் துன்புறுத்திய காயம் என்று அவர்கள் சந்தேகப்படுவதும் நடக்கிறது.